கதவைத் திறக்காத அயலவர்
'ஹலோவீன்' திரைப்படமும் அதைப் பார்த்தவர்களின் அபிப்பிராயங்களும்

திகில் படம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் எம்மில் பலர். கத்தி, கூச்சல், இரத்தம், இருட்டில் ஓடும் ஒரு பெண், இவற்றில் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்பார்கள். பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு என்ன படம் பார்த்தார்கள் என்பதைத் தாய்மார் அறிந்துகொள்வதும், அன்றிரவு அவர்கள் தனியே மலசலகூடத்துக்குப் போக மறுக்கும்போதுதான். ஆனால் ஒரு சமூகம் எதற்குப் பயப்படுகின்றது, யாருடைய பயத்தைப் பார்த்து இரசிக்கின்றது, ஆபத்தில் சிக்கிய பெண்ணைப் பற்றி என்ன தீர்ப்பு வழங்குகின்றது என்பதை அறிய இத்தகைய படங்களும் அவற்றைப் பார்த்தவர்கள் சொன்னவையும் நல்ல சான்றுகள். அந்த வகையில் அமெரிக்காவில் 1978இல் வெளிவந்த 'ஹலோவீன்' என்ற படம் தனித்து நோக்கத்தக்கது. இப்படத்தைப் பற்றி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்வையாளர் வாதிட்டு வந்திருக்கின்றார்கள். அவ்வாதத்தின் பெரும்பகுதி பெண்களைப் பற்றியது.

இது பெரிய நிறுவனம் எடுத்த படமன்று. சுமார் 3 இலட்சம் டொலர் செலவில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்பட்டது. கதை நடப்பது இலையுதிர் காலத்தில், படப்பிடிப்பு நடந்ததோ கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். ஆகவே கடதாசி இலைகளுக்கு நிறம் பூசித் தெருவில் தூவினார்கள், காட்சி முடிந்ததும் அவற்றைக் கூட்டிப் பொறுக்கி அடுத்த காட்சிக்கு எடுத்துப் போனார்கள். கொலைகாரனின் முகமூடி கடையில் இரண்டு டொலருக்கும் குறைவான விலைக்கு வாங்கியது. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கப்டன் கேர்க் பாத்திரத்தின் முகமூடி அது. அதற்கு வெள்ளை நிறம் பூசிக் கண் துவாரங்களைப் பெருப்பித்தார்கள், அவ்வளவுதான். கதாநாயகியாக நடித்த ஜேமி லீ கேர்ட்டிசுக்கு அப்போது வயது 19; இதுவே அவரது முதற் திரைப்படம். இந்தச் சிக்கனப் படம் உலகெங்கும் சுமார் 7 கோடி டொலரை ஈட்டியது.

இயக்குநர் ஜோன் கார்பென்டரின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அவருடன் சேர்ந்து திரைக்கதையை எழுதி, படத்தைத் தயாரித்தவர் டெப்ரா ஹில் என்ற பெண். படத்தில் வரும் மூன்று பாடசாலைத் தோழிகளின் பேச்சை எழுதியவர் பெரும்பாலும் அவரே. கதை நடக்கும் கற்பனை ஊருக்கு ஹெடன்ஃபீல்ட் என்று பெயர் வைத்ததும், நியூ ஜேர்சியில் தாம் வளர்ந்த ஊரின் நினைவில்தான். ஹொலிவூட்டில் பெண் தயாரிப்பாளர்கள் அரிதாயிருந்த காலம் அது. 2005இல், 54 வயதில், புற்றுநோயால் அவர் காலமானார். பெண்களைக் கொல்லும் படத்தை ஒரு பெண்ணே எழுதலாமா என்ற கேள்வியை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963ஆம் ஆண்டு ஹலோவீன் இரவு. ஒக்டோபர் 31இல் சிறுவர்கள் வேடமிட்டு வீடுவீடாக இனிப்புக் கேட்டுத் திரியும் நாள் அது. காதலனை அனுப்பிவிட்டுத் தன் அறையில் இருக்கும் ஒரு பெண்ணை யாரோ கத்தியால் குத்துகிறார்கள். காட்சி முழுவதும் கொலைகாரனின் கண்களால் காட்டப்படுகின்றது. வெளியே வந்து முகமூடி கழற்றப்படும்போதுதான் தெரிகின்றது, அவன் அவளுடைய ஆறு வயதுத் தம்பி மைக்கல். பதினைந்து ஆண்டுகளின் பின் மனநோய் வைத்தியசாலையிலிருந்து தப்பி ஊருக்கு வரும் அவன், லோரி, ஏனி, லிண்டா என்ற மூன்று மாணவிகளைப் பின்தொடர்கின்றான். அன்றிரவு லோரியும் ஏனியும் எதிரெதிர் வீடுகளில் அயலவரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதிநேர வேலையில் இருக்கிறார்கள். ஏனியும் லிண்டாவும் லிண்டாவின் காதலனும் கொல்லப்படுகிறார்கள். லோரி போராடித் தப்புகின்றாள்.

படம் முடிந்ததும் நடந்த ஒரு சம்பவத்தைக் கார்பென்டர் பின்னர் எழுதியிருக்கின்றார். பின்னணி இசையும் ஒலிகளும் சேர்க்குமுன் பெரிய பட நிறுவனமொன்றின் இளம் பெண் அதிகாரிக்கு அதைப் போட்டுக் காட்டினாராம். அவருக்குச் சற்றும் பயம் வரவில்லை. அதன் பின்னரே கார்பென்டர் தானே இசையமைத்தார். ஐந்து தட்டுக்களில் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பியானோ ஒலி இன்று உலகப் பிரசித்தம். மாதங்கள் கழித்து அதே அதிகாரி அதே படத்தைப் பார்த்து மிகவும் விரும்பினாராம். பிள்ளைகளோடு படம் பார்க்கும் தாய்மாருக்கு இது உதவும்: பயமாக இருந்தால் கண்ணை மூடுவதில் பயனில்லை, சத்தத்தைக் குறையுங்கள்.

விமர்சகர்களும் முதலில் ஒன்றுபடவில்லை. 'நியூயோர்க்கர்' சஞ்சிகையின் புகழ்பெற்ற விமர்சகி போலின் கேல் படத்தைக் கடுமையாகச் சாடினார். சிக்காகோவின் ரொஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்களும் கொடுத்து, ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'வுடன் ஒப்பிட்டார். ('சைக்கோ'வில் குளியலறையில் கொல்லப்படும் பெண்ணாக நடித்த ஜெனட் லீயின் மகளே ஜேமி லீ கேர்ட்டிஸ்.) அதே ஈபர்ட் 1980இல் தம் சக விமர்சகர் ஜீன் சிஸ்கலுடன் சேர்ந்து, ஆபத்தில் இருக்கும் பெண்களைக் காட்டிப் பணம் பண்ணும் படங்களைக் கண்டித்துத் தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சியே நடத்தினார். 'ஹலோவீன்' ஈட்டிய பணத்தைப் பார்த்து மலிவாக எடுக்கப்பட்ட படங்களே அதில் குற்றஞ்சாட்டப்பட்டன. 'ஹலோவீனை' மட்டும் இருவரும் விதிவிலக்காக நிறுத்தினார்கள். மற்றப் படங்களில் நாம் கொலைகாரனோடு நிற்கின்றோம், இதிலோ அந்தப் பெண்ணோடு நிற்கின்றோம் என்பது அவர்களது வாதம்.

இந்த வாதம் முழுக்கச் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. படத்தின் முதற் காட்சியே எம்மைக் கொலைகாரனின் கண்ணுக்குள் இருத்துகின்றது. அக்காட்சியில் திரையில் தெரியும் சிறுவனின் கை உண்மையில் டெப ்ரா ஹில்லின் கை என்பது ஒரு வேடிக்கை. ஆனால் படம் போகப் போக எமது இடம் மாறுகின்றது என்பதையும் ஏற்கவேண்டும். பகலில், வேலியோரத்தில் அவன் நிற்பதை லோரி பார்க்கிறாள். தோழி போய்ப் பார்த்துவிட்டு யாருமில்லை என்று பகிடி பண்ணுகின்றாள். அந்த நேரத்தில் நாம் லோரியின் பக்கமே நிற்கின்றோம். கண்டதைச் சொன்னபோது யாரும் நம்பாத அனுபவம் எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை?

"கெட்டுப்போன பெண்கள் சாகிறார்கள்"

இப்படத்தைப் பற்றி மிக அதிகமாகச் சொல்லப்பட்ட அபிப்பிராயம் இதுதான்: காதலனோடு சேர்ந்த பெண்கள் சாகிறார்கள், ஒழுக்கமாகப் படித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண் பிழைக்கின்றாள். ஆகவே படம் பெண்ணின் பாலியல் சுதந்திரத்துக்குத் தண்டனை விதிக்கின்றது. இதை ஒழுக்கப் பாடமாக வரவேற்றவர்களும் உண்டு, ஆணாதிக்கம் என்று எதிர்த்தவர்களும் உண்டு. இரு தரப்பாரும் படத்தை ஒரே விதமாகவே வாசித்தார்கள் என்பது விசித்திரம்.

கார்பென்டரும் ஹில்லும் அந்த வாசிப்பை மறுத்தார்கள். இறந்தவர்கள் தம் காதலர்களில் கவனமாயிருந்ததால் ஆபத்தைக் காணவில்லை. லோரி தனிமையானவள், அதனால் சுற்றுமுற்றும் பார்த்தாள், கண்டுகொண்டாள். தண்டனை என்ற எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்பது அவர்களது விளக்கம். கொல்லப்பட்டவர்களில் ஓர் ஆணும் இருக்கின்றான், அவனைப் பற்றி யாரும் ஒழுக்கம் பேசுவதில்லை என்பதை நான் சேர்த்துக்கொள்கின்றேன்.

ஆனால் படைத்தவர் நினைத்தது வேறு, பார்ப்பவர் எடுத்துக்கொள்வது வேறு. 'ஹலோவீனை'ப் பின்பற்றி வந்த படங்கள் அந்த ஒழுக்க வாசிப்பையே சூத்திரமாக எடுத்துக்கொண்டன. க்ளோரியா கோவன், மார்கரட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 56 படங்களை ஆராய்ந்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகத் தாக்கப்படுகின்றார்கள் என்பது சரியன்று, தாக்கப்பட்டவர்களில் பிழைப்போர் பெண்களிலேயே அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். எனினும் இறக்கும் பெண்களுக்கும் பிழைக்கும் பெண்களுக்குமிடையே வேறுபாடு இருந்தது: இறப்பவர்கள் கவர்ச்சியாக, பாலியல் தொடர்புடையவர்களாகக் காட்டப்பட்டார்கள். 1993இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இத்தகைய படங்களில் நேரத்தை அளந்து பார்த்தது. கொல்லப்படும் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் பயத்தில் நடுங்குபவராகத் திரையில் நீண்ட நேரம் காட்டப்படுவது பெண்களே.

ஆண் சாகிறான், பெண் பயந்து பயந்து சாகிறாள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வராது.

சமூகப் பணியில் இருப்போருக்கு இந்த "ஒழுக்க வாசிப்பு" பழக்கமான குரல். ஒரு பெண்ணுக்கு ஏதும் நடந்துவிட்டால் அயலில் எழும் முதற் கேள்விகள் என்ன? அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள், யாரோடு போனாள், என்ன உடுத்தியிருந்தாள். செய்தவனைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும், சிலவேளை வராமலும் போகும். திரையரங்கில் பொப்கோர்ன் கொறித்தபடி "இவளுக்கு வேணும்" என்று சொல்பவரும் அந்தக் கேள்விகளைக் கேட்பவரும் வெவ்வேறு ஆட்கள் அல்லர்.

கண்ணை மூடுபவர், பார்த்துக்கொண்டிருப்பவர்

திகில் காட்சி வந்ததும் ஆண்கள் கண் வெட்டாமல் பார்ப்பதைக் கௌரவமாகக் கருதுகின்றார்கள், பெண்கள் கண்களைப் பொத்துகின்றார்கள் என்ற அவதானிப்போடு லிண்டா வில்லியம்ஸ் என்ற திரைப்பட அறிஞர் 1984இல் ஒரு கட்டுரையைத் தொடங்கினார். பெண்கள் கண்ணை மூடுவது கோழைத்தனத்தால் அல்ல, தம் இனத்தவள் ஒருத்தி உதவியற்றுத் துன்புறுவதைப் பார்க்கும்படி கேட்டால் மறுப்பதற்கு நியாயமான காரணமுண்டு என்பது அவரது கருத்து.

இரண்டு ஆண்டுகளின் பின் டொல்ஃப் சில்மனும் சக ஆய்வாளர்களும் இதைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திகில் படக் காட்சியொன்று காட்டப்பட்டது. ஒவ்வொருவருடனும் எதிர்ப்பாலாரான ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடி பயந்தவராகவோ, அலட்சியமாகவோ, துணிந்தவராகவோ நடித்தார். பக்கத்திலிருந்த பெண் பயந்து நடுங்கியபோதே ஆண்கள் படத்தை மிகவும் இரசித்தார்கள். பக்கத்திலிருந்த ஆண் பயந்தபோது பெண்களுக்கு இரசனை குறைந்தது. படமோ ஒன்றே! ஆண் துணிச்சலையும் பெண் பயத்தையும் காட்டவேண்டும் என்ற பால்நிலை எதிர்பார்ப்பு இருட்டிய மண்டபத்திலும் எம்மை விடுவதில்லை.

இதைவிடக் கவலை தரும் ஆய்வொன்றும் உண்டு. டானியல் லின்ஸ், எட்வர்ட் டொனர்ஸ்டைன், ஸ்டீவன் பென்ரொட் ஆகியோர் 1984இல் வெளியிட்டது அது. பெண்கள் மீதான வன்முறையைக் காட்டும் படங்களை ஐந்து நாட்கள், நாளுக்கொன்றாக, ஆண் மாணவர்கள் பார்த்தார்கள். நாள் போகப் போக அவர்களது பதற்றம் குறைந்தது, படங்கள் பெண்களை இழிவுபடுத்துகின்றன என்ற எண்ணமும் குறைந்தது. கடைசியில் ஒரு பாலியல் வல்லுறவு வழக்கு விசாரணையின் ஒளிப்பதிவைக் காட்டியபோது, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்த பாதிப்பைப் படம் பார்க்காதவர்களைவிட இவர்கள் குறைவாகவே மதிப்பிட்டார்கள். 'ஹலோவீன்' அந்தப் படங்களில் ஒன்றன்று. உண்மையில் 'ஹலோவீனில்' இரத்தம் மிகக் குறைவு. ஆயினும் இந்த ஆய்வை அறியாமல் "படம் வெறும் படம்தானே" என்று சொல்வது பொறுப்பாகாது.

எல்லாப் பெண்களும் கண்ணைப் பொத்துபவர்கள் என்று கொள்வதும் தவறு. பிரித்தானியாவின் பிரிஜிட் செரி திகில் படங்களை விரும்பிப் பார்க்கும் பெண்களிடமே கேட்டார். பலர் கண்ணை மூட மறுப்பவர்கள், சிறு வயதிலிருந்தே இவ்வகைப் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள். ஆனால் அவர்கள் பெரிதும் விரும்பியது இரத்தக் காட்டேரிக் கதைகளை. கத்திக்காரன் துரத்தும் படங்கள் பலருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் எஞ்சும் பெண்

இந்தப் படங்களைப் பற்றிய பேச்சையே மாற்றியவர் கரோல் க்ளோவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பண்டைய ஸ்கண்டிநேவிய இலக்கியம் கற்பித்தவர். அத்தகையவர் மலிவுத் திகில் படங்களைப் பார்க்கப் போனது சக பேராசிரியர்களுக்கு எப்படியிருந்திருக்குமோ! 1987இல் எழுதிய கட்டுரையிலும் 1992இல் வந்த நூலிலும் அவர் ஒரு விடயத்தைச் சுட்டினார். மண்டபத்தில் இருப்போரில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். முதலில் அவர்கள் கொலைகாரனுக்கு ஆரவாரம் செய்கின்றார்கள். கடைசியில் எஞ்சும் பெண் திருப்பித் தாக்கத் தொடங்கியதும் அதே வாய்கள் அவளுக்காக ஆரவாரிக்கின்றன. ஆண் பார்வையாளன் ஒரு பெண்ணின் இடத்தில் தன்னை வைத்துப் பயப்படவும், அவளாகவே நின்று போராடவும் கூடியவன் என்பது அதுவரை யாரும் பெரிதாகச் சொல்லாதது. 'கடைசிப் பெண்' என்ற தொடர் அவரிடமிருந்தே வந்தது. எனினும் இதைப் பெண் விடுதலையாகக் கொண்டாடுவதை அவர் ஏற்கவில்லை. அவளை ஆண்கள் தமக்காகப் பயன்படுத்திக்கொள்கின்றார்கள் என்றே கருதினார்.

லோரி எதைக் கொண்டு போராடுகின்றாள் என்று பாருங்கள். முதலில் நிட்டிங் ஊசி. அடுத்து உடுப்பு அலமாரிக்குள் ஒளிந்திருந்து, உடுப்புக் கொழுவும் கம்பியை நிமிர்த்தி அவன் கண்ணில் குத்துகின்றாள். அதன் பிறகே அவன் கைக் கத்தி. வீட்டிலிருக்கும் பெண் கையில் அகப்படும் சாமான்கள்தாம் இவை. இரண்டு தடவையும் அவன் செத்துவிட்டான் என்று நினைத்துக் கத்தியைக் கீழே போட்டுவிடுகின்றாள் என்பதற்காக அவளைத் திட்டாத பார்வையாளரே இல்லை. எனக்கும் எரிச்சல்தான்.

ஆனால் படத்தில் என்னை உறையவைத்த இடம் வேறு. கொலைகாரன் பின்னால் வர, லோரி தெருவுக்கு ஓடி அயல் வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகின்றாள். வெளி விளக்கு எரிகின்றது. யன்னலால் யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு விளக்கு அணைகின்றது. கதவு திறக்கவில்லை. சில விநாடிகளில் கடந்துபோகும் காட்சி. இதில் கத்தியுமில்லை, முகமூடியுமில்லை. இதற்குச் சற்று முன் லிண்டா தொலைபேசி வயரால் கழுத்து நெரிக்கப்படுகின்றாள். மறுமுனையில் அந்தச் சத்தத்தைக் கேட்கும் லோரியே தோழி பகிடி விடுகின்றாள் என்று நினைக்கின்றாள். ஒரு பெண்ணின் அவலக் குரல் இரண்டு தடவை கேட்கப்படுகின்றது, இரண்டு தடவையும் பிழையாகக் கேட்கப்படுகின்றது.

அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்த அயல் வீடு வெறும் கற்பனையாகப் பட்டிருக்காது. 1964இல் நியூயோர்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் வீட்டு வாசலருகே கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்திருந்தும் ஒருவரும் உதவவில்லை என்று 'நியூயோர்க் டைம்ஸ்' எழுதியது. அந்தக் கணக்கு மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் தெரியவந்தது. ஓர் அயற்பெண் கீழே ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள், பத்திரிகை அதைச் சொல்லவில்லை. இருந்தும் "யாரும் வரமாட்டார்கள்" என்ற பயம் மக்கள் மனதில் தங்கிவிட்டது.

முகமூடியணிந்த அந்நியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐக்கிய நாடுகளின் கணக்குப்படி 2023இல் உலகில் வேண்டுமென்றே கொல்லப்பட்ட சுமார் 85,000 பெண்களிலும் சிறுமியரிலும் ஏறத்தாழ 51,100 பேர் கணவன், துணைவன் அல்லது குடும்பத்தவரால் கொல்லப்பட்டவர்கள். வேலியோரத்தில் நிற்கும் அந்நியனைக் காட்டிப் பயமுறுத்தும் இப்படத்திலும் முதற் கொலையைச் செய்தவன் கூடப்பிறந்த தம்பி என்பதைப் பலர் மறந்துவிடுகின்றார்கள்.

தாய்மாருக்கு இன்னுமொன்று. அமெரிக்காவில் இப்படத்துக்கு 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக்கூடாது என்ற தரச்சான்றே கிடைத்தது. 1999இல் ஹரிசன், கென்டர் என்ற இரு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் சிறுவயதில் அல்லது கட்டிளமைப் பருவத்தில் பார்த்த ஏதோவொரு காட்சி தம்மை நெடுநாள் பயமுறுத்தியதாகச் சொன்னார்கள். ஏறத்தாழக் காற்பங்கினருக்கு அந்தப் பயம் அப்போதும் போகவில்லை. பிள்ளை பயந்தால் ஏளனம் செய்யாமல் என்ன பார்த்தது என்று கேட்டுப் பேசுவது நல்லது.

2018இல் அதே பெயரில் மற்றொரு படம் வந்தது. ஜேமி லீ கேர்ட்டிஸ் அதே லோரியாக, பாட்டியாக நடித்தார். நாற்பது ஆண்டுகளாகப் பயத்தோடு வாழ்ந்து, வீட்டைக் கோட்டையாக்கி, அதனால் மகளின் அன்பை இழந்த பெண். தாக்குதல் ஒரு இரவோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இந்தப் படம் விளங்கிக்கொண்டது. முதல் வார இறுதியில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 7 கோடி 60 இலட்சம் டொலர் சேர்ந்தது. 55 வயதைத் தாண்டிய ஒரு பெண் முதன்மைப் பாத்திரத்தில் நடித்து இவ்வளவு பெரிய தொடக்கம் கண்ட படம் வேறில்லை என்று கேர்ட்டிஸ் பெருமையோடு அறிவித்தார்.

அந்தப் படம் வெளிவருமுன், 2018 ஜூலையில் சன் டியேகோ நகரில் இரசிகர்கள் கூடிய பெரும் மாநாடொன்றில் கேள்வி நேரம். ஒலிவாங்கியின் முன்னால் வந்த ஓர் ஆண் பேச முடியாமல் அழத் தொடங்கினார். பல வருடங்களுக்கு முன் வீட்டில் தனித்திருந்தபோது கத்தியுடன் ஒருவன் வந்ததாகவும், என்ன செய்வதென்று தெரியாத அந்தக் கணத்தில் இந்த நடிகை என்ன செய்திருப்பார் என்று நினைத்ததாகவும், லோரியைப் போலவே தெருவில் கதறிக்கொண்டு ஓடித் தப்பியதாகவும் அவர் சொன்னார். கேர்ட்டிஸ் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தினூடே நடந்துபோய், அவரைக் கட்டியணைத்துக்கொண்டார்.